வீட்டு யந்திரம்: வேகம் பிடிக்காத பழைய ஸ்கூட்டர்

தையல் யந்திரத்தில் நூல் அறுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "வீட்டுக்குள் நின்றுவிடும் யந்திரத்தைப் பற்றி எழுதியது போதும், நடுச்சாலையில் நின்று மானத்தை வாங்கும் யந்திரத்தைப் பற்றி எப்பொழுது எழுதுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடிக்கொண்டிருந்த வேளையில், புனே நகரத்துக் கட்கிப் பகுதியில் வசிக்கும் அம்மையார் ஒருவரின் கடிதம் வந்து சேர்ந்தது. அவர் எழுதியதில் ஒரு பகுதியை அவர் அனுமதியுடன் இங்கே தருகிறோம்:

"ஐயா, எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் ஓடுகிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் உடனே போவதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. சென்ற வாரம் என் பெண் பெரிய சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் லாரி வருவதைப் பார்த்துக் கையை முழுவதும் முறுக்கியிருக்கிறாள். சத்தம்தான் வந்தது, வண்டி நகரவில்லை. லாரிக்காரர் பிரேக் போட்ட புண்ணியம், பிள்ளை வீடு வந்து சேர்ந்தாள். மிஸ்திரியிடம் காட்டினால், 'போர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பங்கார்வாலாவுக்குப் போட்டுவிடுங்கள்' என்கிறார். அவர் இருந்தபோது வாங்கிய வண்டி. போட மனம் வரவில்லை. அதற்காகப் பிள்ளையை அதில் ஏற்றி அனுப்பவும் தைரியமில்லை."

இரண்டாம் முறை படித்தபின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையன்று கட்கிக்குப் புறப்பட்டோம்.

வண்டி கைனெடிக் ஹோண்டா. 1996ஆம் ஆண்டில் வாங்கியது. அந்நாளில் வட இந்திய நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றின் வாயிலில் இவ்வண்டி நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984இல் இந்திய ஜப்பானியக் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, 1998இல் அக்கூட்டு முடியும் வரையிலும் அதன் பின்னரும், மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரிலிருந்து வெளிவந்த வண்டி இது. கியர் மாற்ற வேண்டாம். பொத்தானை அழுத்தினால் கிளம்பும். புடவை உடுத்திய பெண்கள் உதைத்துக் கிளப்பும் சங்கடமின்றி அலுவலகமும் அங்காடியும் சென்றுவர இது பெரிதும் உதவிற்று. 98 சி.சி. அளவுள்ள இரட்டை வீச்சு என்ஜின். எண்ணெய்க்குத் தனித் தொட்டி. இந்தத் தனித் தொட்டியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கதையே அதில்தான் இருக்கிறது.

கியர் இல்லாத இவ்வண்டி எவ்வாறு வேகம் எடுக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். என்ஜின் முனையில் ஒரு கப்பியும், பின்சக்கரத்தின் பக்கம் ஒரு கப்பியும் உள்ளன. இரண்டையும் ரப்பர் பெல்ட் ஒன்று இணைக்கிறது. ஒவ்வொரு கப்பியும், இரண்டு தட்டுகளை முகத்துக்கு முகம் வைத்தாற்போல் சாய்வான இரு பாதிகளால் ஆனது. என்ஜின் வேகமாகச் சுழலும்போது முன் கப்பிக்குள் இருக்கும் சிறு உருளைகள் வெளிப்புறம் வீசப்பட்டு, அப்பாதிகளை நெருக்குகின்றன. நெருக்கம் மிகமிக, பெல்ட் முன் கப்பியில் மேலேறுகிறது. பின் கப்பியில் கீழிறங்குகிறது. மலையேறுகிறவன் சிற்றடி வைத்து ஏறி, சமவெளிக்கு வந்ததும் பேரடி வைத்து நடப்பதைப் போன்றதே இது. என்ஜின் மெல்லச் சுழலும்போது வண்டி நிற்பதற்கும், முறுக்கியதும் புறப்படுவதற்கும் காரணம், பின் கப்பியோடு சேர்ந்துள்ள கிளட்ச் கட்டைகள் சுழற்சியால் விரிந்து சக்கரத்தின் கிண்ணத்தைப் பற்றிக்கொள்வதுதான். இந்தப் பெல்ட் முறையை 1958இல் ஹாலந்து நாட்டின் டாஃப் நிறுவனம் தனது மோட்டார் காரில் வைத்து அறிமுகப்படுத்தியது என்றால், இதன் வயது விளங்கும்.

பனிமீது ஓடும் ஸ்னோமொபைல் என்னும் வண்டியிலும் இதே ஏற்பாடுதான். இரண்டு கப்பிகள், ஒரு பெல்ட். பழையவற்றில் பெரும்பாலும் இரட்டை வீச்சு என்ஜின். குளிர்காலத்தில் குல்மார்க் சென்று அதில் ஏறிய நம் சங்கத்து இளைஞர் ஒருவர், "என் ஊர் ஸ்கூட்டரைப் போலவே அதுவும் முக்கிக்கொண்டுதான் கிளம்பியது, ஏன்?" என்று கேட்டார். வண்டியைப் பாராமல் விடை சொல்வது சரியன்று. எனினும் குல்மார்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்றுக் குறைந்தால் என்ஜினின் வலிமையும் குறையும். அதோடு, சமவெளிக்கென்று அமைத்த கார்புரேட்டர் அங்கே காற்றுக்குப் பொருந்தாதபடி அதிக எரிபொருளை ஊற்றும். ஷில்லாங், சிம்லா போன்ற மலையூர்களுக்கு மாற்றலாகி வண்டியையும் உடன் கொண்டுபோகும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ளலாம். கட்கிக்கு அந்தச் சாக்கு இல்லை.

வேகம் பிடிக்காத வண்டியைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முறுக்கும்போது என்ஜின் சத்தம் உயர்ந்து, வண்டி மட்டும் பின்தங்குகிறதா? அல்லது என்ஜினே உயராமல் திணறுகிறதா? முன்னதாயின் குற்றம் பெல்ட், உருளை, கிளட்ச் ஆகியவற்றின் பக்கம். பின்னதாயின் பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுத்தம், புகை வெளியேறும் வழி ஆகியவற்றின் பக்கம். இந்தக் கேள்வியைக் கேளாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர், நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியருக்குச் சமம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அத்தவற்றை நாமே செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. "சத்தம்தான் வந்தது, வண்டி நகரவில்லை" என்று அம்மையார் எழுதியதைப் படித்த மாத்திரத்தில், பெல்ட் வழுக்குகிறது என்று முடிவு கட்டிவிட்டோம். போகும் வழியிலேயே புதுப் பெல்ட் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு சென்றோம். அங்கே கடைத்தெருவில் தொழில் செய்யும் வயதான மிஸ்திரி ஒருவரைத் துணைக்கு அழைத்து, இடப்பக்கத்து மூடியைக் கழற்றச் செய்து, பழைய பெல்ட்டின் அகலத்தைப் புதியதோடு ஒப்பிட்டு அளந்தோம். வேறுபாடு மிகச் சொற்பம். வெடிப்பு இல்லை, ஓரம் பளபளக்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. உருளைகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். தட்டையாகத் தேயாமல் வட்டமாகவே இருந்தன. மிஸ்திரி எம்மைப் பார்த்த பார்வையில் மரியாதை சற்றுக் குறைந்திருந்தது.

பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். மூடியை மாட்டிவிட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றினோம். தடையின்றிச் சுழன்றது. பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டு, அதனால் வண்டி மந்தமாகப் போவது பழைய ஸ்கூட்டர்களில் மிகச் சாதாரணம்; காசு செலவின்றித் தீரும் குறையும் அதுவே. நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியபின் சக்கரத்தின் நடுப்பகுதி தொட முடியாதபடி சுட்டால் பிரேக்கை ஐயுறலாம். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே மந்தம் தோன்றும். இங்கே இரண்டும் சரியாகவே இருந்தன.

அடுத்து என்ஜினைக் கிளப்பி மெல்ல முறுக்கினோம். மெல்ல முறுக்கியவரையில் ஒழுங்காக உயர்ந்தது. சட்டென்று முழுவதும் முறுக்கினால், தொண்டையில் துணி அடைத்தவன் பேசுவதுபோல ஒரு மங்கிய ஒலி எழுந்ததே தவிர, சுழற்சி உயரவில்லை. அம்மையார் சத்தம் என்று எழுதியது இதைத்தான். அது என்ஜின் ஓடும் சத்தமன்று, திணறும் சத்தம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருந்துவிட்டது எமது துரதிருஷ்டம்.

ஆக, குற்றம் என்ஜின் பக்கம். அங்கே வரிசையாகப் பார்க்க வேண்டியவை உண்டு. காற்று வடிகட்டியின் நுரைத் துண்டைக் கழற்றிப் பார்த்தோம். அழுக்குத்தான், ஆனால் அடைபடவில்லை. மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவி மீண்டும் பொருத்தினால் போதும். வடிகட்டியைக் கழற்றிய நிலையிலேயே, என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுவதும் முறுக்கச் சொல்லி, கார்புரேட்டருக்குள் உள்ள கதவு முழுவதும் மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் நீண்டுபோன வண்டிகளில் கை முழுவதும் முறுக்கினாலும் கதவு முக்கால்தான் திறக்கும். இதை அறியாமல் என்ஜினைப் பிரித்துப் போட்டவர்களை நாம் அறிவோம்.

பெட்ரோலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு தமிழ்நாடு போகிறோம். வண்டி ஒரு மாதம், ஒன்றரை மாதம் மாடிப்படியின் கீழ் நிற்கிறது. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசினை விட்டுச் செல்கிறது. அப்பிசின் ஊசித் துளையளவே உள்ள ஜெட்டுகளை அடைக்கிறது. திரும்பி வந்து கிளப்பினால் வண்டி இருமுகிறது. மிஸ்திரிகள் 'கச்ரா ஆ கயா' என்று சொல்வது இதைத்தான். ஊருக்குப் புறப்படும் நாளில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் பெரும்பாலும் இத்தொல்லை இராது. கைக்குழாய் இல்லாத வண்டியாயின், கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். அடைபட்ட ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தலாகாது. பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிட்டால் பிறகு அதற்கு மருந்தில்லை. காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொன்று: இப்பொழுது நாடெங்கும் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. தொட்டிக்குள் மழைநீர் சிறிது இறங்கினாலும், எத்தனாலும் நீரும் கூடிக்கொண்டு அடியில் தனியே தங்கிவிடும். அதை உறிஞ்சும் என்ஜின் திணறும். மேலும் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. உப்பியும் வெடித்தும் கெடுகின்றன. பழைய கார்புரேட்டருக்குத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலும் கிடையாது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் ஆண்டுக்கொரு முறை பெட்ரோல் குழாயை மாற்றிவிடுவது நல்லது. கண்ணாடிப் புட்டியில் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால், அடியில் வேறொரு படலம் தெரிகிறதா என்பது விளங்கிவிடும். சமையலறையிலோ விளக்கேற்றிய அறையிலோ இச்சோதனை வேண்டா. கட்கி வண்டியின் பெட்ரோல் தெளிவாகவே இருந்தது. ஆனால் கையில் தடவினால் வழக்கத்தைவிட வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பின் பொருள் எமக்கு உடனே புலப்படவில்லை.

பிளக்கைக் கழற்றியதும் புலப்பட்டது. என்ஜினின் உட்புறச் செய்தியை வெளியே கொண்டுவரும் தூதன் பிளக். அதன் முனை காப்பித் தூளின் பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. வெண்மையாக வெளுத்திருந்தால் எங்கோ வெளிக்காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. அந்நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். கார்புரேட்டரை என்ஜினோடு சேர்க்கும் ரப்பர் மூட்டையும், கிராங்க் தண்டின் இருபுறத்து எண்ணெய் மூடிகளையும் உடனே பார்க்க வேண்டும். இங்கே பிளக் முனை கரிய நிறமாகவும், எண்ணெய் சொட்டும்படி நனைந்தும் இருந்தது.

"அம்மா, பெட்ரோலில் எண்ணெய் ஏதேனும் ஊற்றுகிறீர்களா?" என்று கேட்டோம்.

"ஆமாம் ஐயா. ஒவ்வொரு முறையும் ஒரு மூடி ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். அவர் பழைய சேடக் வைத்திருந்தார். எண்ணெய் ஊற்றாவிட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்று பயமுறுத்திவிட்டார்."

"தனித் தொட்டியிலும் ஊற்றுகிறீர்களா?"

"அதில் விளக்கு எரிந்தால் ஊற்றுவேன். இரண்டும் வேண்டும் என்றல்லவா நினைத்தேன்?"

பெரியவர் தம் வண்டிக்குச் சொன்னது முற்றிலும் சரி. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டிய வண்டிகள் உண்டு. அவற்றில் ஊற்றாவிட்டால் என்ஜின் இறுகும். தனித் தொட்டியும் பம்பும் உள்ள வண்டியில் பம்பே அளந்து கொடுத்துவிடுகிறது. இங்கே இரண்டு வழியிலும் எண்ணெய் போயிருக்கிறது. எரியாமல் மிஞ்சிய எண்ணெய் கரியாகி, புகை வெளியேறும் துளையிலும் சைலன்ஸருக்குள்ளும் படிந்திருக்கிறது. இரட்டை வீச்சு என்ஜினுக்கு மூக்கும் வாயும் ஒன்றுபோல் திறந்திருக்க வேண்டும். எரிந்த புகை வெளியேறினால்தான் புதுக் காற்றுக்கு இடமுண்டு. மெல்ல ஓடும்போது சிறு வழி போதுமாதலால் குறை தெரியாது. முழுவதும் முறுக்கும்போதுதான் மூச்சு முட்டும். எந்த நேரத்தில் வேகம் தேவையோ அந்த நேரத்திலேயே கைவிடும் குறை இது. அந்தப் பெண் சாலை நடுவில் கண்டதும் இதுவே.

ஐயத்தை உறுதி செய்ய மிஸ்திரி ஒரு பழைய தந்திரத்தைக் கையாண்டார். சைலன்ஸரை என்ஜினோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்தி, புகை பக்கவாட்டில் வெளியேறும்படி விட்டு, வண்டியைக் கிளப்பி முறுக்கினார். அண்டை வீடுகளின் பால்கனிகள் அனைத்திலும் தலைகள் தோன்றின. அத்தனை பேரொலி! ஆனால் என்ஜின் சீறிக்கொண்டு உயர்ந்தது. சில விநாடிகளுக்கு மேல் இச்சோதனை கூடாது. சூடான புகை கையைச் சுடும். மூடிய இடத்தில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

இருந்தாலும் போர் செய்ய வேண்டும் என்று முதலில் பார்த்தவர் சொன்னது அம்மையாரின் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கி வந்து, பிளக் துளையில் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்த நிலையில் கிளப்பிப் பார்த்தோம். முழுவதும் திறக்காமல் பார்த்தால் நல்ல என்ஜினும் நோயாளி போல் தோன்றும். இதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முள் 110 பவுண்டைத் தொட்டது. புது என்ஜினின் வலிமை அன்று. ஆயினும் 100க்குக் கீழே வெகுவாக இறங்கினால்தான் வளையங்களையும் சிலிண்டரையும் பற்றிக் கவலைப்பட வேண்டும். போர் செய்தலைப் பழிக்கிறோம் என்று எண்ண வேண்டா. தேவையான இடத்தில் அது சரியான வேலையே. ஆனால் அளந்து பார்க்காமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "பஹலே கம்ப்ரெஷன் நாப்கே திகாயியே" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால், எந்த ஊர் மிஸ்திரியிடமும் செல்லுபடியாகும்.

சைலன்ஸரைக் கழற்றினார்கள். புகைத் துளையின் வாயில் கரி, அடுப்பங்கரைச் சுவரில் பிடித்த கரியைப் போல் கெட்டியாக ஒட்டி, வழியைப் பாதியாக்கியிருந்தது. பிஸ்டன் அத்துளையை மறைத்து நிற்கும்படி என்ஜினைத் திருப்பி வைத்துக்கொண்டு, கூர்மையற்ற மரத்துண்டால் சுரண்டி எடுத்தார். இரும்பைப் பயன்படுத்தினால் பிஸ்டனில் கீறல் விழும். பிஸ்டன் கீழே இறங்கித் துளை திறந்திருந்தால் சுரண்டிய கரி சிலிண்டருக்குள் விழும். சைலன்ஸருக்குள் இருப்பதோ மரத்துண்டுக்கு எட்டாது. காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி ஊறவைக்கும் வழக்கமும், தீயிலிட்டுக் கரியை எரிக்கும் வழக்கமும் உள்ளன. இரண்டையும் வீட்டில் செய்ய வேண்டா என்று வற்புறுத்திச் சொல்கிறோம். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும், அலுமினியத்தை அரிக்கும். எரிக்கும் புகையோ குழந்தைகள் உள்ள குடியிருப்பில் தகாதது. அதற்கென்றே உள்ள கடையில் கொடுத்துவிடுவது மேல். இரண்டு நாளில் திரும்பக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்றோம். சைலன்ஸரைப் பொருத்தி ஓட்டியபோது வண்டியின் போக்கே மாறியிருந்தது. ஆனால் புறப்படும் முதற் சில அடிகளில் ஒரு நடுக்கமும், சத்தம் முன்னே போய் வண்டி பின்னே வருவதும் இருந்தன. இப்பொழுது குற்றம் உண்மையிலேயே மறுபக்கம்! மூடியைத் திரும்பவும் திறந்தோம். கிளட்ச் கட்டைகள் கண்ணாடிபோல் பளபளத்துப் போயிருந்தன. என்ஜின் வலுவின்றி நெடுநாள் திணறியதால், கட்டைகள் கிண்ணத்தை இறுகப் பற்றாமல் உரசியே வந்திருக்கின்றன. சொரசொரப்பான மணல் தாளால் கட்டைகளின் முகத்தைத் தேய்த்து, கிண்ணத்தின் உட்புறத்தையும் துடைத்தார் மிஸ்திரி. சென்ற வாரம் பெல்ட்டைத் தேடித் திறந்தபோதே இதைப் பார்த்திருக்கலாம். பெல்ட்டைத் தேடியவர் கண்ணுக்குப் பெல்ட் ஒன்றுதான் தெரிந்தது. மூடி கழற்றிய நிலையில் என்ஜினைக் கிளப்பலாகாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சுழலும் கப்பியில் அகப்பட்டால் விளைவு கொடிது.

எல்லாவற்றினும் முக்கியமான வேலை இனித்தான். பெட்ரோலில் எண்ணெய் கலப்பதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு வந்திருந்தால் நாம் பெருந்தீங்கு செய்தவர்களாவோம். ஏனென்றால் இவ்வகைப் பழைய வண்டிகள் சிலவற்றில் எண்ணெய்ப் பம்ப் பழுதானதும், மிஸ்திரிகள் அதைத் துண்டித்துவிட்டுக் கலந்து ஊற்றும்படி சொல்லியிருப்பார்கள். அத்தகைய வண்டியில் கலப்பதை நிறுத்தினால் சில கிலோமீட்டர்களில் பிஸ்டன் இறுகும். ஆகவே பம்ப் உயிரோடு இருக்கிறதா என்று அறிய வேண்டும். தனித் தொட்டியை ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை நிரப்பி, அம்மட்டத்தில் அடையாளம் வைத்தோம். பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்ற அளவில் எண்ணெய் கலந்து, 100 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னோம். தொட்டியில் மட்டம் இறங்கியிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் கலந்து ஊற்றுவதே கதி. எண்ணெய் வெளியே கசிந்தும் மட்டம் இறங்கலாம் என்பதால், வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை இரவில் விரித்து வைக்கவும் சொன்னோம். மறுவாரம் தொலைபேசியில் செய்தி வந்தது. மட்டம் விரற்கடை அளவு இறங்கியிருக்கிறது; தாளில் சொட்டு இல்லை. அன்றோடு மூடிக்கணக்கு நிறுத்தப்பட்டது.

அந்தத் தொலைபேசியிலேயே அம்மையார் இன்னொன்றும் சொன்னார். அவர் கணவரின் பழைய கோப்புகளில் பதிவுச் சான்றிதழைத் தேடியபோது, வண்டிக்கென்று அவர் எழுதி வந்த சிறு நோட்டுப் புத்தகம் கிடைத்ததாம். இவ்வண்டியின் முதற் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக 2011, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்திருக்கிறார்கள். முதல் இரண்டு முறை புதுப்பித்த விவரமும் அந்நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் இருக்கின்றன. அதைக் கண்டிருந்தால் நாம் புதுப் பெல்ட் வாங்கியிருக்க மாட்டோம். முதல் பக்கத்தில், அடிக்கோடிட்டு, "எண்ணெய் தனித் தொட்டியில் மட்டும். பெட்ரோலில் கலக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறாராம். இதைச் சொல்லும்போது அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் எழுதித்தான் வைத்திருக்கிறார், ஐயா. நான்தான் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அழுகை வருகிறது என்று அலமாரியில் வைத்துவிட்டேன்" என்றார்.

நோட்டில் இப்பொழுது அவர் பெண் எழுதத் தொடங்கியிருக்கிறாள். சைலன்ஸர் சுத்தம் செய்த தேதி, கிளட்ச் தேய்த்த தேதி, பிளக்கின் நிறம் ஆகியவை ஏறிவிட்டன. 200 கிலோமீட்டர் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து எழுதும்படி கேட்டிருந்தோம். "இன்னும் காப்பி நிறம் வரவில்லை, டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். தேங்கிய எண்ணெய் முழுவதும் எரிந்து தீர இன்னும் சில நாள் ஆகும் என்று பதில் அனுப்பியுள்ளோம். வீணாக வாங்கிய பெல்ட் அவர்கள் வண்டியின் பெட்டிக்குள்ளேயே உறையோடு இருக்கிறது, என்றேனும் பயன்படும். அதற்குரிய விலையை அவர்களிடம் வாங்கிக்கொள்ளவில்லை.